ஒரு விரல் உள்ளே

மகளுடைய பச்சைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டியின் முனை பக்கவாட்டுத் தையலில் இடறியது. இடற வேண்டிய இடமில்லை அது. தன் கையால் தைத்த துணியில் எங்கே மேடு, எங்கே மடிப்பு என்பது தையல்காரிக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, சட்டையை உள்பக்கமாகத் திருப்பினாள். அக்குளிலிருந்து இடுப்புவரை இறங்கும் தையலுக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளி, இன்னொரு தையல் ஓடியிருந்தது. புதுசு. நூலின் பளபளப்புகூடக் குறையவில்லை. கோடு போட்ட நீலச் சாக்பீஸின் பொடி அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

யாரோ சட்டையைப் பிடித்துத் தைத்து இறுக்கியிருக்கிறார்கள்.

வெளியே மழைக்கு முந்தைய புழுக்கம். முன்னறை முழுக்கச் சூடான துணியின் வாசனையும், மெஷினுக்குப் போடுகிற எண்ணெயின் வாசனையும், மூலையில் குவிந்து கிடக்கும் வெட்டுத் துணிகளின் தூசி வாசனையும் கலந்து கனத்துக் கிடந்தன. பின்னறையில் மகள் படுத்திருந்தாள். சத்தமே இல்லை. முன்பெல்லாம் அவள் புரண்டு படுத்தால் கட்டில் முனகும். இப்போது அவள் படுப்பதும் எழுவதும் கட்டிலுக்கே தெரிவதில்லை.

தையலும் கையெழுத்து மாதிரிதான். ஒருத்தர் முடிப்பது போல இன்னொருத்தர் முடிக்கமாட்டார். கடைசியில் துணியைத் திருப்பி, பின்னோக்கி ஒரு சின்ன வளைவு ஓட்டி நூலை அறுப்பது இவள் பழக்கம். சட்டையின் உள்தையலைக் கீழே வரை தடவிக்கொண்டு போனாள். முடிவில் அந்த வளைவு இருந்தது.

அவள் கைதான். ஆனால் அவள் தைக்கவில்லை. அந்தக் காரியத்தை அவள் விட்டு நாளாயிற்று.

அந்தக் காரியம் என்னவென்று இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்டுவிட்டு அவளைத் திட்டாதீர்கள், பாவம், பிரியத்தில்தான் செய்தாள். பிரியத்தில் செய்ததாகத்தான் நினைத்தாள்.

மகள் சின்ன வயதில் நல்ல கொழுகொழுப்பு. கடையாக இருந்த முன்னறை வாசலில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளில் பொம்மைக்குப் பாவாடை செய்துகொண்டிருப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். தாண்டும்போது சும்மா வரமாட்டார்கள். "தையலக்கா, உங்க பொண்ணுக்குத் தைச்சா துணி மிச்சமே விழாது போல!" என்பாள் ஒருத்தி. "இவளுக்குப் போட்ட டேப்பைத்தான் எனக்கும் போடறீங்களா? பாத்துக்கா, நீண்டுபோயிருக்கப் போகுது" என்பாள் இன்னொருத்தி. தையல்காரியின் தங்கை, வரும்போதே தெருமுனையிலிருந்து, "எங்கடி என் உருண்டை?" என்று கத்திக்கொண்டுதான் வருவாள். எல்லோரும் சிரிப்பார்கள். துணி கொடுக்க வந்தவர்கள் சிரிக்கும்போது தைக்கிறவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? அவளும் சிரித்தாள். குழந்தை நிமிர்ந்து பார்த்தது மற்றவர்களை அல்ல, அம்மாவின் வாயை.

பெண் வளர்ந்து வாசலில் உட்காருவதை நிறுத்திய பிறகு, தாய்க்கு ஓர் எண்ணம் வந்தது. நாலு பேர் சொல்லிக் கேட்பதைவிடத் துணியே சொல்லட்டும். சொல் காயப்படுத்தும்; துணிக்கு வாய் கிடையாது. ஒவ்வொரு தடவை துவைத்துக் காய்ந்த பிறகும், மடித்து வைக்கும் முன், மகளின் சட்டைகளை ஒரு விரல் பிடித்துத் தைத்தாள். ஒரு விரல்தான். கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத்தான் தெரியும்.

"அம்மா, இந்தச் சட்டை டைட்டா இருக்கு. துவைச்சதுல சுருங்கிடுச்சா?"

"இது சுருங்கற துணி இல்ல கண்ணு. நீதான் கொஞ்சம் பெருசாயிட்டே."

எவ்வளவு மெதுவாகச் சொன்னாள் தெரியுமா. தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னாள்.

பெண் நம்பினாள். சட்டைக்குள் போவதற்காகத் தட்டைத் தள்ளிவைத்தாள். பொருந்தியது. அடுத்த துவைப்பில் மறுபடி இறுகியது. மறுபடி தள்ளிவைத்தாள். கன்னம் இறங்கியது, கழுத்து நீண்டது. ஊரே மெச்சியது. "அட, நம்ம பொண்ணா இது? கண்ணே பட்டுடும்!" தையல்காரிக்குப் பெருமை தாங்கவில்லை. தோளெலும்பு சட்டைக்கு மேலே கூரையின் விளிம்பு போலத் துருத்திய அன்றுதான் அவளுக்குத் திக்கென்றது. அன்றோடு பிடிப்பதை விட்டாள்.

அவள் விட்டாள். பெண் விடவில்லை. உருண்டை என்று கூப்பிட்ட வாய்களே, "என்ன, வீட்ல சோறு போடறதில்லையா?" என்று கேட்டன. தங்கை இப்போது, "எங்க என் குச்சி?" என்று வந்தாள். கடைசியாகப் பார்த்த டாக்டர், பெண்ணை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் தாயிடம் மட்டும் பேசினார்.

"இதுக்கு மேல எடுக்கறதுக்கு அந்த உடம்புல ஒண்ணும் இல்லம்மா. இன்னும் குறைஞ்சா இதயம் தாங்காது. எப்படியாவது சாப்பிட வைங்க."

அந்த வீட்டில்தான், இஸ்திரிப் பெட்டி இடறிய அந்த மத்தியானம், பச்சைச் சட்டை அவள் மடியில் கிடந்தது.

பிளேடை எடுத்துப் புதுத் தையலைப் பிரித்தாள். நூல் அறுபடும் ஒவ்வொரு தடவையும் பல் கடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். பிறகு பின்னறை அலமாரியைத் திறந்தாள். நீலச் சட்டை. உள்ளே ஒரு விரல். கட்டம் போட்டது. ஒரு விரல். இரவில் உடுத்தும் பழைய பருத்திச் சட்டைகூட.

"நீயாடி தைச்சே?"

மகள் கண்ணைத் திறந்தாள். கன்னம் வற்றிய முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாக இருந்தன. "எனக்கு மெஷின்ல நூல் கோக்கவே வராதும்மா. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அவள்தான் கற்றுக்கொடுக்கவில்லை. படிக்கிற பெண் எதற்கு மெஷினில் உட்கார வேண்டும் என்று.

"அப்ப யாரு?"

"எதும்மா?"

"ஒண்ணுமில்ல. தூங்கு."

விளக்கு வைக்கும் நேரம்வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தாள். கழுத்து வலித்தது, கண் எரிந்தது. பரவாயில்லை. தளர்ந்த துணிகளை அடுக்கி, அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலையில் திறந்தபோது எல்லாத் தையல்களும் திரும்பி வந்திருந்தன.

அது மட்டுமல்ல. தைக்கிறவர்கள் துணியின் உள்ளோரத்தில் கொஞ்சம் மிச்சம் விட்டுத்தான் தைப்பார்கள். உடம்பு பூசினால் பின்னால் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எல்லாச் சட்டைகளிலும். இனிப் பிரித்தாலும் தளர்த்துவதற்குத் துணி இல்லை. அலமாரியின் அடித்தட்டில், வெட்டிய ஓரங்கள் நீள நீளமாக, பாம்புத் தோல் போலச் சுருண்டு கிடந்தன.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வங்கியில் வேலை பார்க்கிற பெண்மணி தைக்கக் கொடுத்திருந்த துணியை வாங்க வந்தாள். தங்கையும் வந்திருந்தாள். மகள் தண்ணீர் குடிக்க முன்னறைக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயோ, எப்படிம்மா இப்படி இருக்கே?" என்றாள் வங்கிக்காரி. குரலில் பரிதாபமில்லை; பொறாமை. "என்ன சாப்பிடறே? ரகசியத்த எனக்கும் சொல்லேன். நான் தண்ணி குடிச்சாலே ஊதறேன்."

"சொல்றதுக்கு என்ன இருக்கு, அவ சாப்பிடறதே இல்ல" என்றாள் தங்கை. "குச்சி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேட வேண்டாம்டி, துடைப்பக்கட்டையோட நிக்க வெச்சா ஜோடி சரியா இருக்கும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். மனசு கெட்டவள் இல்லை அவள். அழத் தெரியாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

மகள் இரண்டையும் கேட்டாள். தங்கையின் பேச்சு அவளைத் தாண்டிப் போனது. வங்கிக்காரியின் பேச்சுத்தான் உள்ளே போனது. வற்றிய முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியதைத் தையல்காரி பார்த்தாள். தண்ணீரைக் குடிக்காமலேயே டம்ளரை வைத்துவிட்டு மகள் திரும்பிப் போனாள்.

வங்கிக்காரி போன கையோடு, சமையலறையில் பால் காய்ச்சப் போன தையல்காரியின் காதில் அது விழுந்தது. முன்னறையில் மெஷின் ஓடுகிறது. கடகடவென்று இல்லை, நிதானமாக, நேர்க்கோட்டுத் தையலுக்கு மிதிப்பதுபோல, அவள் மிதிக்கும் அதே தாளத்தில். தங்கைக்குத் தைக்கத் தெரியாது. பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தங்கை வாசலில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நாற்காலி காலி. மெஷின் நின்றிருந்தது. ஆனால் கால் பலகை ஆடிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் பாதத்தை எடுத்த மாதிரி. சக்கரத்தில் கையை வைத்தாள். வெதுவெதுப்பு. மனிதக் கை இவ்வளவு நேரம் பிடித்திருந்த வெதுவெதுப்பு.

அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாசனை வந்தது.

"இந்த மெஷின எடுத்துட்டுப் போயிடு" என்றாள் தங்கையிடம். "இன்னைக்கே. ஒரு வண்டி கூப்பிடு."

"பைத்தியமாக்கா உனக்கு? இது இல்லாம என்ன செய்வே?"

"கையில தைச்சுக்கறேன். எடுத்துட்டுப் போ. கத்தரி, சாக்பீஸ், டேப்பு எல்லாத்தையும்."

தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து வண்டிக்குச் சொன்னாள். வண்டியில் ஏற்றும்போது மழை பிடித்துக்கொண்டது. மெஷின் நின்ற இடத்தில் தரையில் ஒரு வெள்ளைச் சதுரம். அதைப் பார்க்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது. வெகு நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை இறங்கியது.

வீட்டில் மிச்சமிருந்த ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை எடுத்தாள். பழைய அரிவாள்மனையில் அறுத்தாள். அளவே பார்க்கவில்லை. அகலம், அகலம், இரண்டு மகள்கள் நுழைகிற அகலம். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். பெரிய பெரிய தையல்கள். கற்றுக்குட்டி தைத்தது போல. உள்ளே கைமுழுக்க மிச்சத் துணி விட்டாள்.

"இந்தா, இத போட்டுக்கோ. மத்ததெல்லாம் வேண்டாம்."

மகள் போட்டுக்கொண்டாள். சட்டை அவள் தோளிலிருந்து கூடாரம் போலத் தொங்கியது. கைகளைத் தூக்கிப் பார்த்து, "இதுக்குள்ள நான் எங்கம்மா இருக்கேன்?" என்று லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது தாய்க்கு. பாலைக் கொண்டுவந்தாள். கெஞ்சினாள். ஒரு வாய். இன்னும் ஒரு வாய். பாதி டம்ளர் குடித்துவிட்டு மகள் கண்ணை மூடினாள். பக்கத்திலேயே தரையில் தலையைச் சாய்த்தாள் தாய். மழைச் சத்தத்தில், அசதியில், கண் சொருகியது.

எழுப்பியது மழை நின்ற அமைதி. அறையில் சாயங்காலத்தின் சாம்பல் வெளிச்சம். கூரையோரத்திலிருந்து சொட்டுவது கேட்டது. அதற்கு அடியில், இன்னொன்று.

நிதானமாக. நேர்க்கோட்டில். மிதித்து, மிதித்து.

முன்னறையைப் பார்த்தாள். கதவு திறந்துதான் இருந்தது. வெள்ளைச் சதுரம் காலியாகக் கிடந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில் படவில்லை. வெள்ளைச் சட்டை அவள் உடம்போடு ஒட்டியிருந்தது. அளவெடுத்துத் தைத்தது போல. விலா ஒவ்வொன்றும் துணிக்கு மேலே தெரிய.

போட்டதிலிருந்து அவள் அதைக் கழற்றவே இல்லை.

தையல்காரி மண்டியிட்டாள். இனியும் சொல்லாவிட்டால் சொல்வதற்கு ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"கண்ணு, இங்க பாரு. அம்மா ஒண்ணு சொல்றேன். அந்தச் சட்டையெல்லாம் உனக்கு இறுகினது, நீ பெருசானதால இல்ல. நான்தான் பிடிச்சேன். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல். உனக்குத் தெரியாம. உங்கிட்ட பொய் சொன்னேன்டி. நீ எப்பவும் சரியாத்தான் இருந்தே."

மகள் குனிந்து பார்த்தாள். சின்னக் குழந்தை ஏதோ உளறுவதைக் கேட்பது போல, இரக்கமாக.

"எனக்காகச் சொல்றே."

"சத்தியம்டி. உன் தலைமேல சத்தியம்."

"உன் தையல் என்னைக்கும்மா தப்பாயிருக்கு? ஊரே உங்கிட்டதான் தைக்குது." தாயின் கன்னத்தைத் தடவினாள். விரல்கள் குளிர்ந்திருந்தன. "சட்டை சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் சரியா இல்ல. இப்ப பாரு, எவ்வளவு நல்லா வந்திருக்கு."

"கழட்டு. அத கழட்டு."

சட்டையின் பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். கற்றுக்குட்டித் தையல்கள் படபடவென்று அறுந்தன. துணி பிளந்து விழுந்தது. அவள் விட்ட மிச்சம் அப்படியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பிடித்துத் தைத்தது துணியை அல்ல; அடியில் மடிந்த ஒன்றோடு துணியும் இழுபட்டு ஒட்டியிருந்தது.

மகளின் அக்குளிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு இறங்கியது. மயிரிழைக் கோடு. காயமில்லை, ரத்தமில்லை. நல்ல தையல் வெளியே தெரியாது. உள்ளே தடவினால்தான் தெரியும். தையல்காரி தடவினாள். தோலுக்கு அடியில் மேடு. மடித்து, அடக்கி, அழுத்தி வைத்த மேடு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு. அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விரல். முடிகிற இடத்தில், பின்னோக்கி ஒரு சின்ன வளைவு.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

பிரிக்க வேண்டும். எதை வைத்து? எங்கே தொடங்குவது? நகத்தால் மேட்டைச் சுரண்டப் போனாள். முடியவில்லை. பெற்ற தோல்.

சத்தம். இப்போது மிக அருகில்.

காதை மகளின் மார்பில் வைத்தாள். இதயம் துடிக்கும் என்று. டாக்டர் சொன்ன இதயம்.

மிதித்து, மிதித்து. சக்கரம் சுற்றும் கரகரப்பு. ஊசி இறங்கி ஏறும் மெல்லிய தட்டல். எண்ணெய் வாசனை, மகளின் மூச்சில்.

"யாரையாவது கூப்பிடறேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம். எழுந்திரு. எழுந்திருடி தங்கம்."

"வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம்தான். பிடிச்சுக்கோ என்னை."

பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? குழந்தையில் இரண்டு கையும் எட்டாமல் அணைத்த உடம்பு. இறுக்கி அணைத்தாள், விட்டால் போய்விடும் என்பது போல. மெஷின் வேகம் கூட்டியது. கைகளுக்கு நடுவே ஏதோ மடிந்தது. ஒரு விரல். அவள் இன்னும் இறுக்கினாள், நழுவாமலிருக்க. மறுபடி மடிந்தது. முழங்கைகள் நெருங்கின. உள்ளங்கைகள் மகளின் முதுகில் ஒன்றையொன்று தாண்டின.

"விடு" என்று அலறினாள், யாரிடம் என்று தெரியாமல். "விட்டுடு அவள!"

"இப்ப பொருந்துதாம்மா?"

குரல் காதோரத்தில் இருந்தது. ஆசையாக. மெச்சுவதற்குக் காத்திருக்கிற குரல்.

தையல்காரியின் கைகள் மகளை முழுக்கச் சுற்றி வந்து, தன் விலாவையே தொட்டன. நடுவே, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.